கட்டினவன் எங்க நைனா

‘போனது யாரு நைனா’ பாட்டு வந்த வாரம், எங்கள் ராயபுரம் ஹவுசிங் போர்டில் மிக்சி ஓடினால்கூட அந்தத் தாளத்தில்தான் ஓடியது. ஆட்டோவில் அது, மீன் மார்க்கெட்டில் அது, கல்யாண ஊர்வலத்தில் அது. எதிர் பிளாக்கில் ஒரு வயதுப் பிள்ளை, ‘அம்மா’ சொல்வதற்கு முன்னால் ‘நைனா மைனா’ சொல்லிவிட்டது என்று பெற்றவள் பெருமையாக வீடியோ எடுத்துப் போட்டாள். அந்தப் பிள்ளை ‘அம்மா’ சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவள் இந்தப் புஷ்பவல்லி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது முழுக்க உண்மையில்லை.

பாடியது வியாசர்பாடி தீனா. பாடப்பட்டவள் எங்கள் தலைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கும் மகிழினி. இருவரும் சேர்ந்து கானா பாடிப் பேரெடுத்த ஜோடி. மேடையில் தீனா ஒரு அடி எடுத்துவிட்டால், மகிழினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு “இன்னா நைனா?” என்று இழுப்பாள். அதற்கே கூட்டம் விசிலடிக்கும். அந்த ‘இன்னா நைனா’வைப் பனியனில் அச்சடித்து வண்ணாரப்பேட்டையில் விற்றார்கள். கல்யாணம் கேமராக்களுக்கு நடுவில் நடந்தது. பிரிந்ததும் கேமராவுக்கு முன்னால்தான். மாசி மாதம் இருவரும் லைவில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ “அடுத்த பாட்டு எப்போ?” என்று கேட்க, மகிழினி, “இனிமே இவரு தனியா பாடுவாரு” என்றாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்து போய்விட்டாள். மூன்று லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே பார்த்த நான் ஊக்கை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் பெட்டியோடு அம்மா தாயம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காரணம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மீன் விற்கிற மலர், அவன் வேறொருத்தியோடு பாட ஒப்புக்கொண்டான் என்றாள். ஒவைஸ் டீக்கடையில், இவளுக்கு சினிமாவில் வாய்ப்பு வந்து தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். எனக்கே காரணம் தெரியவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் அப்பா வரதன் இறந்து அப்போது ஏழு மாதம். ஹார்பரில் கப்பல் கட்டுகிற வேலை அவருக்கு. கட்டுவது என்றால் செய்வது இல்லை. கப்பல் கரைக்கு வரும்போது மேலேயிருந்து வீசுகிற வடக்கயிற்றை வாங்கி, இரும்புத் தூணில் மாட்டி இறுக்கிக் கட்டுவது. முப்பத்தோரு வருஷம் கட்டியவர், போன ஆடியில் ஒரு காலை செருப்பு மாட்டக் குனிந்து, எழுந்திருக்கவே இல்லை. வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைக் கடக்கும்போதெல்லாம், “இன்னா புஷ்பா, இன்னிக்கி நியூஸு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். என் வேலையை மதித்த ஒரே ஆண்பிள்ளை. இப்போது வக்கணையாகச் சொல்கிறேனே தவிர, மகிழினி வந்து சேர்ந்த நாட்களில் எனக்கு அந்த மனிதர் நினைவிலேயே இல்லை. ஊரே ஜோடி பிரிந்த கதையில் மூழ்கியிருந்தது. நான் கழுத்தளவு.

எங்கள் போர்டில் சமையலறைகளுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து உண்டு. குழாய்கள் அதில்தான் இறங்கும். செய்திகளும் அதில்தான் இறங்கும். பங்குனியில் ஒரு மத்தியானம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது மகிழினியின் குரல் இறங்கியது. மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

*உட்டுட்டுப் போயிட்டியே நைனா – நான்*
*ஒத்தையில நிக்கிறேன் நைனா*

மூன்றாவது அடி வரும்போது நடு மாடியில் எவளோ குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அந்த அடி போய்விட்டது. நாலாவது தெளிவாக வந்தது:

*கட்டினவன் எங்க நைனா*

மேடையில் அவள் ‘நைனா’ என்று கூப்பிட்டது யாரை? தீனாவை. கட்டினவன் யார்? தாலி கட்டினவன். மூன்று லட்சம் பேர் முன்னால் வீறாப்பாக எழுந்து வந்தவள், சுவருக்குள் அவனை நினைத்து உருகுகிறாள்! புளிக்கையோடு போனை எடுத்துப் பதிவு செய்தேன். கூடவே என் குரலில் நாலு வார்த்தை பேசி, இரண்டையும் தீனாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு நான் செய்த காரியம் எதிலும் இவ்வளவு சேதம் ஆனதில்லை.

அவனிடமிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஆனியில் பாட்டு வந்தது.

*போனது யாரு நைனா – சொல்லு*
*போனது யாரு மைனா*
*கட்டினவன் வூட்ல கீறான்*
*பெட்டிய தூக்கினது நீயா நானா*

மெட்டு, சந்துக்குள் நான் கேட்ட அதே மெட்டு. ஆனால் மூன்று மடங்கு வேகம், பின்னால் பேண்டு, முன்னால் நாற்பது பேர் ஆட்டம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் கூத்தடிக்கிறானே என்று. ஆனாலும் ஜாடிக்கேற்ற மூடி, இப்படிப் பாடிப் பாடியே சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் தைத்துக்கொண்டே அதைத்தான் முணுமுணுத்தேன்.

பாட்டு வந்த மூன்றாம் நாள் காலை தண்ணீர் லாரி வந்தது. மகிழினி குடத்தோடு இறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் வரிசையே உயிர் பெற்றது.

“இன்னாடி மகி, உன் நைனா ஒலகம் பூரா உன்ன பத்தி பாடினு கீறான், நீ இன்னாடான்னா கொடம் தூக்கினு கீற!” என்றாள் மலர்.

“கம்முனு கெட மலரு. அதுவே பேஜாருல கீது,” என்றாள் பக்கத்தில் நின்ற ராமசெல்வி. அப்படிச் சொல்லிவிட்டுத் தன் போனில் அந்தப் பாட்டையே சத்தமாக வைத்தாள்.

மகிழினி அதுவரை அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவில்லை. போனை அணைத்துப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் ஜன்னலும் சாத்தியே இருக்கும். இரண்டு அடி கேட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

“இது எங்க நைனா பாட்டு,” என்றாள்.

“அதான் ஊருக்கே தெரியுமே! உங்க நைனா பாட்டுதான். வேற எவன் பாட்டாம்?” என்றாள் மலர். வரிசை மொத்தமும் சிரித்தது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

“ஐய, எங்க நைனா! பெத்த நைனா. வரதன்.”

ராமசெல்வி பாட்டை நிறுத்தினாள். யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“நைனாவுக்கு வருஷம் வருதுல்ல? அதுக்கு நான் கட்டினு இருந்த பாட்டுக்கா இது. ‘கப்பலு வந்து கரையில நிக்கிது, கட்டினவன் எங்க நைனா’ன்னு. யாராண்டயும் பாடிக் காட்டல. எங்கம்மாவத் தவர யாருக்கும் தெரியாது. அந்த மெட்ட எட்த்து அவன் குத்தாட்டம் போட்டுகீறான்.”

வெறுங்குடத்தோடு மாடி ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் நைனா என்றால் பெற்றவன். தோஸ்தும் நைனா. தள்ளுவண்டிக்காரனும் நைனா. கொஞ்சல் மிஞ்சினால் புருஷனும் நைனா. கட்டினவன் என்றால் தாலி கட்டினவன். கப்பலைக் கட்டினவனும் கட்டினவன்தான். இரண்டு வார்த்தையிலும் நான் பிடித்தது புருஷனை, அவள் பாடியது தகப்பனை. குழாய்த் தண்ணீரில் போன அந்த ஒரு கப்பல் என் காதில் விழுந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

அன்று சாயங்காலம் மேலே போனேன். ராசையா உட்கார்ந்திருந்தார். வரதனோடு சேர்ந்து வடம் பிடித்த கூட்டாளி. மகிழினிக்குப் பெரியப்பா முறை.

“எல்லாராண்டயும் சொல்லிட்டேன் மகி,” என்றார். “வருஷ நாளு வேலநாள்ல வருதுன்னு ஞாயித்துக்கெயமைக்கி வெச்சிகீறோம். நம்ம கேங்கு மொத்தமும் வருது. வரதன் பொண்ணு பாடப்போவுதுன்னு ரிட்டேர் ஆனவன்கூட காட்டுப்பள்ளிலேர்ந்து வர்றான்.”

“நான் பாட மாட்டேன் பெரிப்பா.”

“இன்னா இப்டி சொல்ற?”

“மொத அடி எட்த்தாலே சிரிப்பாங்க. காலைல தண்ணி லாரியாண்ட சிரிச்சாங்களே, அப்டி. பசங்க ஆடும். எங்க நைனா போட்டோ முன்னாடி ‘நைனா மைனா’வா? வெளியாள் யாரையாவது வெச்சிப் பாடிக்கங்க.” அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாள். “இந்த நாலு செவுத்துக்குள்ள பாடினது அவனுக்கு எப்டிம்மா போச்சு? நீதான?”

“நான் இல்லடி,” என்றாள் தாயம்மா.

“நீ அவனாண்ட போன்ல பேசினது எனக்குத் தெரியும்.”

“வருஷப் பொறப்புக்குப் பேசினேன். சாப்டியா தம்பின்னு கேட்டேன். அவ்ளோதான்.”

“தோ, ஒத்துக்கினியே!”

தாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்திருந்தார்கள். அதில் சர்க்கரை இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். வாய் இல்லாத பூச்சி மாதிரி. நான்!

அடுத்த இரண்டு நாளும் சந்துக்குள் பேச்சே இறங்கவில்லை. பத்து மணிக்கு ஒரு குக்கர் மூன்று விசில் அடிக்கும்; பன்னிரண்டுக்கு இன்னொரு முறை மூன்று விசில். அம்மா தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள், மகள் தனியாக. புருஷனைப் பறிகொடுத்தவள், இப்போது மகளிடம் திருட்டுப்பட்டம் வாங்கிக்கொண்டு ஒற்றையாகச் சோறு தின்கிறாள். திருடி கீழே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் முதல் விசிலுக்கே எழுந்தேன். கைக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று தாயம்மாவின் ரவிக்கையை எடுத்துக்கொண்டேன். ஒரு கைதான் வைத்துத் தைத்திருந்தேன்; அதனால் என்ன.

“மகி, உங்கம்மா இல்ல,” என்றேன். “நாந்தான்.”

போனை எடுத்து நீட்டினேன். அவள் பாட்டு ஓடியது, தண்ணீர்ச் சத்தம், கட்டினவன் எங்க. பிறகு என் குரல்: “தீனா தம்பி, புஷ்பாக்கா பேசறேன். கேட்டியா? புள்ள உன்ன நெனச்சி உருகுது. சரியா துன்றதில்ல. எளச்சி துரும்பாப் பூட்ச்சி. கௌரவம் பாக்காத வந்து இட்டுனு போ.”

மகிழினி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள்.

“எளச்சி துரும்பா? நாலு கிலோ ஏறிகீறேன்கா நானு.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“கொழாயில காத வெச்சி... உனுக்கு வேற வேலையே இல்லியாக்கா?”

“இல்ல,” என்றேன். அந்த வீட்டில் அன்று நான் சொன்ன இரண்டாவது உண்மை.

தாயம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை. மகள்தான் நகர்ந்து நகர்ந்து போய், அவள் தோளில் தலையால் முட்டினாள். ஒரு முறை முட்டியதற்குத் தாயம்மா அசையவில்லை. இரண்டாவது முறை கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவனுக்குப் போன் போடுக்கா,” என்றாள் மகிழினி. “சத்தமா வெய்யி.”

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“சொல்லுக்கா! மகி பாட்டு கேட்டுச்சா? சிரிச்சிச்சா? அஞ்சி நாளா போன கீய வெக்காத குந்தினு கீறேன்கா. அது பாடி அனுப்பிச்சி, நான் எதிர்ப்பாட்டு பாடிட்டேன். இப்போ அதான பாடணும்? முறைன்னு ஒண்ணு கீதுல்ல?”

“தம்பி,” என்றேன், “அது உனுக்குப் பாடினது இல்லப்பா.”

“பின்ன? கட்டினவன்னு வருதே?”

“கப்பல் கட்டினவன். உன் மாமனாரு. வருஷத்துக்குக் கட்டின பாட்டு. நான் அரகொறையா கேட்டு அனுப்பிட்டேன்.”

அவனுக்குப் பின்னால் எங்கேயோ அவன் பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. “டேய், நிறுத்துங்கடா அத,” என்று யாரையோ அதட்டினான்.

“மாமாவுக்கா பாடிச்சி?” என்றான் பிறகு. “ஐயோ. இப்பவே தூக்கிடறேன்கா. எல்லாத்துலேர்ந்தும் எட்த்துடறேன்.”

“எட்த்துட்டு?” என்றாள் மகிழினி. “போன்ல கீறத எட்ப்ப. ஜனங்க வாயில கீறத?”

“மகி...”

“கருமாதி அன்னிக்கி நீ மலேசியாவுல மேடையில நின்னுகினு இருந்த. நான் ஒண்ணும் கேக்கல. அன்னிக்கும் எங்க நைனாவுக்கு வீட்டு மனுசன் பாட்டு இல்ல. இப்போ இதுவும் இல்லன்னு பண்ணிட்ட.”

அட, இதுதானா! மாசியிலிருந்து ராயபுரம் முழுக்கத் தேடிய காரணம், கேட்காமலே என் காதில் வந்து விழுந்தது. உடனே யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு தோன்றியது, அது வேறு.

“ஒப்பந்தம்னு சொன்னாங்க, போய்ட்டேன்,” என்றான் தீனா. “போயிருக்கக் கூடாது. அங்க பாடினு இருக்கறப்பவே தெரிஞ்சிச்சி. உன்னாண்ட சொல்றதுக்கு வாய் வரல.” மூக்கை உறிஞ்சினான். “ஞாயித்துக்கெயம நான் வர்றேன் மகி. பாட மாட்டேன். ஓரமா குந்தினு தாளம் தட்டறேன். நீ பாடு. எவனாவது சிரிச்சா என்ன பாத்து சிரிக்கட்டும்.”

மகிழினி போனை வாங்கி அணைத்து என்னிடம் நீட்டினாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாடுவாளா என்று தாயம்மாவைக் கண்ணாலேயே கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளாக்குக்கும் நடுவில் பந்தல் போட்டார்கள். நாற்காலிமேல் வரதனின் படம், சாமந்தி மாலை. ஹார்பர் ஆட்கள் நாற்பது பேர் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குத் தீனா வந்தான், கையில் ஒரு சின்னத் தோல் மேளத்தோடு. அவனைக் கண்டதும் போன்கள் எழுந்தன.

“போன் வேணா நைனா,” என்று கும்பிட்டான். “எங்க மாமாவுக்கு வருஷம்.”

பாதிப் போன்கள் இறங்கின. மீதி, இடுப்புவரை இறங்கின. அவன் பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தான். தாயம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ராசையா கேட்கக்கூட இல்லை. மகிழினி தானே எழுந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மைக் வேண்டாம் என்றாள்.

*உட்டுட்டுப் போயிட்டியே நைனா...*

அவள் பயந்தது நடந்தது. முதல் அடிக்கே எங்கேயோ ஒரு சிரிப்பு. முன்வரிசையில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் எழுந்து, வீடியோவில் வருகிற மாதிரியே இடுப்பை வெட்டி ‘நைனா மைனா’ ஆடத் தொடங்கின. மலர் பாய்ந்து போய் ஒன்றின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏய், குந்துங்கடி! இன்னா எடத்துல இன்னா பண்றீங்க?”

மகிழினி நிறுத்திவிட்டாள். கை முந்தானை நுனியைத் திருகியது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

“எதுக்கு ஒக்கார வெக்கிற மலரு?” என்று ராசையாவின் குரல் கேட்டது. “வரதன எட்த்துனு போனப்போ மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் நான் ஆடினேதான் போனேன். அன்னிக்கி எவன் என்ன ஒக்காருன்னான்?”

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்தார். எங்கள் பக்கம் சாவுக்கு ஆடாவிட்டால் செத்தவனுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பார்த்தது, அத்தனை பேருக்கும் எப்படி மறந்துபோனதோ. கிழவர் ஆடினார். இரண்டு முட்டியும் தேய்ந்தவர், குதிக்க முடியாது. ஒரு காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் இல்லாத வடத்தை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். குழந்தைகள் இரண்டும் அவரைப் பார்த்து, இடுப்பு வெட்டுவதை விட்டுவிட்டு, அவர் பின்னால் நின்று வடம் இழுத்தன.

பின்வரிசையில் தாளம் எழுந்தது. அவன் பாட்டின் தாளம் இல்லை. ராசையாவின் முட்டிக்கு எவ்வளவு வேகம் முடியுமோ, அவ்வளவு வேகம்.

மகிழினி பாடினாள். *கப்பலு வந்து கரையில நிக்கிது* என்ற அடி வந்தபோது, ஹார்பர் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். *கட்டினவன் எங்க நைனா* என்றபோது ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. மலர் முந்தானையைக் கண்ணில் வைத்திருந்தாள். நான் பார்த்தேன், பிறகு இல்லவே இல்லை என்று சாதித்தாள்.

கடைசியில் இரண்டு அடி பாடினாள். அது சந்துக்குள் நான் கேட்டதில் கிடையாது.

*போனது யாரு நைனா – சொல்லு*
*போனது நீயா, நானா*

தாளம் ஒரு தட்டு தவறியது. அது அவன் கட்டிய அடி. அவன் கேட்காமல் அவள் மெட்டை எடுத்திருந்தான். அவள் கேட்காமல் அவன் அடியை எடுத்துக்கொண்டாள். ‘பெட்டிய தூக்கினது’ இருந்த இடத்தில் ‘போனது’ வந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வரதன் படத்துக்கு முன்னால் நின்று கேட்கும்போது, அது பிரிந்த ஜோடியின் பாட்டு என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ராசையா முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“இன்னொரு வாட்டி பாடு மகி.”

“முட்டி வலிக்கல பெரிப்பா?”

“வலிக்கட்டும். பாடு.”

மகிழினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசைப் பக்கம் திரும்பாமலே, “இன்னும் கொஞ்சம் மெதுவா,” என்றாள்.

தீனா தாளத்தைக் குறைத்தான்.